வெள்ளியில் சம்பளம், ரூபாயில் வட்டி

மன்னார்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் டீக்கடைப் பெஞ்சுக்குத் தினமும் இரண்டு எண்கள் வந்தாக வேண்டும். மேட்டூரில் எத்தனை அடி நிற்கிறது என்பது ஒன்று. சிங்கப்பூர் வெள்ளி இன்றைக்கு என்ன ரேட்டு என்பது இன்னொன்று. முதல் எண் தொண்ணூறைத் தாண்டி நின்றால், ஜூன் 12ஆம் தேதி அணை திறந்துவிடும் என்ற நம்பிக்கையில் குறுவைக்கு விதை பார்ப்பார்கள். இரண்டாவது எண் ஏறுமுகமாக இருந்தால், பணம் அனுப்ப இன்னும் ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லி வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் தகவல் போகும்.

மகன் அங்கே என்ன சம்பளம் வாங்குகிறான் என்று கேட்டால், யாரும் வெள்ளியில் பதில் சொல்வதில்லை. “நம்ம பணத்துக்கு ஐம்பத்தெட்டாயிரம் வருது” என்பார்கள். அந்தப் பெருக்கிய எண்ணை வைத்துத்தான் பெண் பார்க்கிறார்கள், கைமாற்று வாங்குகிறார்கள், மாடி வீட்டுக்கு வானம் தோண்டுகிறார்கள். அதிலிருந்து கழிய வேண்டியதெல்லாம் கழிந்து கையில் என்ன நிற்கும் என்ற பேச்சு, முதல் வருஷம் முடிகிறவரை எழுவதே இல்லை.

2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அதில் முதலிடம் சிங்கப்பூருக்கு. நாலு லட்சத்துக்கு மேல். டெல்டாக்காரருக்கு இது செய்தியே இல்லை. பக்கத்திலிருக்கும் கூத்தாநல்லூரைச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்று எப்போதோ சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பைங்காநாட்டுக்குப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தை உலகப் பத்திரிகைகள் கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீகம் என்று படம் பிடித்தன. அவருடைய அம்மா ஷியாமளா 1958இல் அமெரிக்கா போனது படிக்க. அந்தப் புறப்பாட்டின் பெருமையில், பின்னாளில் மகளுக்கு ஊரில் பேனர் வைத்தார்கள். திருச்சி விமான நிலையத்துக்கு ராத்திரி வேன் பிடித்துப் போகிற பையன்களுக்கு யாரும் பேனர் வைப்பதில்லை.

ஏன் போகிறார்கள் என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. தண்ணீர் வராத வருஷங்கள் பல. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல், முத்துப்பேட்டையிலிருந்து பட்டுக்கோட்டை வரை தென்னையைச் சாய்த்துப் போட்டது. புதிதாக வைத்த கன்று காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால், பிளஸ் டூவோ ஐடிஐயோ முடித்த பையனுக்கு உள்ளூரில் வேலை கொடுக்க அது எழுதப்படவில்லை. அவனுக்கு முன்னால் இருப்பது திருப்பூர், அதை விட்டால் சிங்கப்பூர்.

22 வெள்ளிக்காரரின் கணக்கு

ஒரு தம்பியை எடுத்துக்கொள்வோம். ஸ்கில் டெஸ்ட் அடித்துப் பாஸ் செய்து, கட்டுமான வேலைக்கு ஒர்க் பர்மிட்டில் போகிறார். நாளுக்கு 22 வெள்ளி, மாதம் 26 நாள். அடிப்படைச் சம்பளம் 572 வெள்ளி. சிங்கப்பூரில் எல்லோருக்குமான குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கிடையாது; பேசியதுதான் சம்பளம். வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. மாதத்துக்கு 72 மணி நேரம்தான் ஓவர்டைம் உச்சவரம்பு. 572ஐ மணிக்கணக்கில் பிரித்தால் மணிக்கு 3 வெள்ளி விழுகிறது. ஓவர்டைம் மணிக்கு நாலரை. 72 மணி நேரமும் முழுதாகக் கிடைத்தால் 324. ஆக மொத்தம் 896 வெள்ளி. வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 58,240. இதுதான் டீக்கடையில் சொல்லப்படும் ஐம்பத்தெட்டாயிரம்.

இனிக் கழிப்போம். தங்குமிடம் கம்பெனியுடையது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வேளை கேட்டரிங் சாப்பாடு, போன், சோப்பு, ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருப் பக்கம் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து 250 வெள்ளி. மிச்சம் 646 வெள்ளி, ஏறக்குறைய 42,000 ரூபாய். வீட்டுக்கு மாதம் 15,000 கொடுத்தால், நிற்பது 27,000.

இது பரவாயில்லை என்று தோன்றும். ஆனால், போவதற்கு ஏஜென்ட்டிடம் நாலு லட்சம் கொடுத்திருக்கிறார். மூன்றிலிருந்து ஐந்து லட்சம் வரை இந்தப் பக்கம் சாதாரணமாகப் பேசப்படும் தொகை. ரெண்டு மா நிலத்தை ஒத்தி வைத்தோ, அம்மா கழுத்தில் கிடந்ததை அடகு வைத்தோ, ரெண்டு ரூபாய் வட்டிக்கு வெளியே வாங்கியோ புரட்டியிருப்பார்கள். ரெண்டு ரூபாய் வட்டி என்றால் நாலு லட்சத்துக்கு மாதம் 8,000. அந்த 27,000ஐ அப்படியே கடனுக்குத் திருப்பினாலும், வட்டியும் முதலும் அடைய 18 மாதம் ஆகும்.

பர்மிட் ரெண்டு வருஷம். கடைசி ஆறு மாதம்தான் அவருடையது. ஆறு 27,000 என்பது 1,62,000. அதை 24 மாதத்துக்குப் பகிர்ந்து, வீட்டுக்குக் கொடுத்த 15,000த்தையும் சேர்த்தால், மாதத்துக்கு 21,750 ரூபாய். மன்னார்குடியிலேயே நாளுக்கு 900 ரூபாய் கூலியில் மாதம் 24 நாள் வேலை பார்க்கும் கொத்தனாருக்கு 21,600 வருகிறது. ஊர்க் கொத்தனார் அதிலேயே தானும் சாப்பிட்டாக வேண்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் 24 நாள் வேலை அவருக்குக் கிடைக்காது என்பதெல்லாம் உண்மை. என்றாலும், கடல் தாண்டியதற்கான லாபம் இவ்வளவு மெலிதாக இருக்கும் என்று புறப்படும்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இதுவும் ஓவர்டைம் முழுதாகக் கிடைத்தால்தான். அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுதும்போது எனக்கே கை தயங்குகிறது. அடிப்படைச் சம்பளம் 572இல் செலவு 250 போக நிற்பது 322 வெள்ளி, சுமார் 21,000 ரூபாய். வீட்டுக்கு 15,000 போனால் மிச்சம் 6,000. வட்டியோ 8,000. மாதா மாதம் ரெண்டாயிரம் துண்டு விழுந்து, ஒரு வருஷ உழைப்புக்குப் பிறகு கடன் நாலு லட்சத்து இருபத்தாறாயிரத்தைத் தாண்டி நிற்கும். வட்டி குறைந்தால் சரியாகிவிடுமா? வங்கி நகைக்கடன் மாதிரி வருஷத்துக்கு 9 சதவீதம் என்று போட்டுப் பார்த்தேன். கடன் அடைய எட்டு வருஷத்தை நெருங்குகிறது.

ஆக, ஒருவர் பிழைப்பதும் மாட்டிக்கொள்வதும் அந்த 324 வெள்ளியில் இருக்கிறது. அதற்கு எந்த ஒப்பந்தமும் உத்தரவாதம் தருவதில்லை. வேலை மந்தமானால் முதலில் நிற்பது ஓவர்டைம்தான். 2020இல் கொரோனா பரவி டார்மிட்டரிகள் பூட்டப்பட்டபோது, மூன்று லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் உள்ளேயே இருந்தார்கள். அடிப்படைச் சம்பளம் வந்தவர்களுக்கும் ஓவர்டைம் வரவில்லை. ஊரில் வட்டி மட்டும் ஒருநாள்கூட நிற்கவில்லை.

தாக்குப்பிடிப்பவர்களுக்கு இரண்டாவது பர்மிட் வேறு கதை. கடன் இல்லை, அதே சம்பளம், அதே செலவு. ரெண்டு வருஷத்தில் ஆறு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் கையில் நிற்கும். ஊரில் நாம் பார்க்கும் மாடி வீடுகள் இரண்டாவது, மூன்றாவது பர்மிட்டில் எழுந்தவை. முதல் பர்மிட்டோடு திரும்பியவரின் கூரை வீட்டை யாரும் உதாரணமாகக் காட்டுவதில்லை.

நாலு லட்சம் எங்கே போகிறது?

சிங்கப்பூர்ச் சட்டப்படி அங்கே உரிமம் பெற்ற ஏஜென்சி, வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடியது, ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம். எத்தனை வருஷமானாலும் ரெண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. நம் தம்பிக்கு அது 1,144 வெள்ளி, ஏறக்குறைய 74,000 ரூபாய். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. இரண்டையும் கூட்டினாலும் ஒன்றேகால் லட்சம் வராது. ஸ்கில் டெஸ்ட் பயிற்சி, மெடிக்கல், டிக்கெட் என்று தாராளமாகச் சேர்த்தாலும் நாலு லட்சத்துக்கு வெகுதூரம். நடுவில் இருக்கும் பணம், ரசீது இல்லாமல் கைமாறுகிற பணம். ஊர் சப்-ஏஜென்ட், டவுன் ஏஜென்ட், சென்னை ஆபீஸ், அங்கே இருக்கும் ஆள் என்று கைகள் நீள்கின்றன. வேலை கொடுப்பதற்காக முதலாளியே தொழிலாளியிடம் பணம் வாங்குவது சிங்கப்பூரில் குற்றம். குற்றம் என்பதால்தான் அந்தப் பணம் இங்கேயே, ரூபாயிலேயே வாங்கப்பட்டுவிடுகிறது.

முதலாளி பக்கத்துக் கணக்கும் ஒன்று உண்டு. 2024 ஜனவரி முதல், அடிப்படைத் திறன் நிலையில் உள்ள இந்தியக் கட்டுமானத் தொழிலாளி ஒருவருக்கு அவர் மாதம் 900 வெள்ளி லெவி கட்ட வேண்டும். உயர்திறன் நிலைக்கு 500. இது சிங்கப்பூர் அரசுக்குப் போகும் பணம், தொழிலாளியிடம் பிடிக்கக்கூடாது. 572 வெள்ளி அடிப்படைச் சம்பளம் வாங்குகிறவருக்கு 900 வெள்ளி லெவி! அந்தத் தம்பியின் உழைப்புக்கு முதலாளி கொடுக்கத் தயாராக இருக்கும் விலை, அவர் கைக்கு வருவதைவிட மிக அதிகம் என்பது இதிலிருந்து தெரியும். திறன் நிலையை உயர்த்திக்கொள்ளும் தேர்வுகளும் பயிற்சிகளும் ஏன் முக்கியம் என்பதும் தெரியும். உயர்நிலைக்குப் போனவரால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். சம்பளம் உயர்த்திக் கேட்க ஒரு தொழிலாளிக்குக் கிடைக்கும் வலுவான வாதம் இதுதான். கேட்கிறவர்கள் குறைவு.

வலங்கைமான்காரர் கேட்ட கணக்கு

சம்பளத்தையும் செலவையும் தராசில் வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நீடாமங்கலம் தாண்டிக் கும்பகோணம் போகும் வழியில் இருக்கிறது வலங்கைமான். அங்கே 1869இல் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, 1936 டிசம்பரில் மலாயாவுக்குப் போனார். இந்திய அரசின் சார்பில் ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் நிலையைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நாகப்பட்டினத்தில் முகாமில் இருந்து கப்பலேறியவர்கள். ஊரில் ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணம், பலருக்குக் கடனாக அவர்களுக்கு முன்னாலேயே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அன்றைய மலாயாவில் ஒரு விசித்திரம் உண்டு. தொழிலாளி என்ன சாப்பிடுகிறார், என்ன உடுத்துகிறார், எவ்வளவு மிச்சம் பிடிக்க வேண்டும் என்று பட்ஜெட் போட்டு, அதிலிருந்து தரக்கூலியை நிர்ணயித்தார்கள். 1920களின் கடைசியில் எளிதில் போய்வரக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. பட்ஜெட்டில் குறைகள் இருந்தன. பெண்ணுக்கு ஏன் பசி குறையும் என்று யாரும் விளக்கவில்லை. ஆனால், கூலிக்கு வாழ்க்கைச் செலவுதான் அடிப்படை என்ற கொள்கையாவது காகிதத்தில் இருந்தது. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் அந்தக் காகிதம் கிழிந்தது. கூலியைக் குறைத்தார்கள், வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அப்படித் திரும்பி வந்தவர்கள் லட்சத்துக்கு மேல்.

சாஸ்திரியின் அறிக்கை 1937இல் வந்தது. கங்காணி வழியாக ஆள் சேர்ப்பதை விட்டுவிட வேண்டும், பழைய 50, 40 காசுக் கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றார். மலாயாவின் தோட்டங்கள் மோசமில்லை என்ற தொனியில் எழுதினார் என்று அன்றே அவர்மேல் விமர்சனம் உண்டு. 1938இல் தோட்டங்கள் மறுபடி கூலியைக் குறைத்தபோது, இந்திய அரசு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தையே நிறுத்திவிட்டது.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. 2020 செப்டம்பரில், வளைகுடாவுக்குப் போகும் இந்தியத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சப் பரிந்துரைச் சம்பளத்தை நமது அரசே குறைத்தது. சில வேலைகளுக்கு 200 டாலர் வரை இறக்கினார்கள். போட்டி நாட்டுக்காரர்களுக்கு வேலை போய்விடும் என்பது சொல்லப்பட்ட காரணம். எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகு, அடுத்த வருஷம் அதைத் திரும்பப் பெற்றார்கள். 1938இல் கூலி குறைந்ததற்காக ஆள் அனுப்புவதை நிறுத்திய நாடு, எண்பது வருஷம் கழித்து ஆள் போவது நிற்கக்கூடாது என்று கூலியைக் குறைத்துப் பார்த்தது.

வளைகுடா பற்றி ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு அங்கே போகக் குடியகல்வு அனுமதி வேண்டும், 10 லட்சம் ரூபாய் காப்பீடு வேண்டும். ரெண்டு வருஷத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே போகிறவர் அந்தக் கதவைத் தட்டாமலே போய்விடலாம். சுதந்திரம்தான், வழியில் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க ஓர் ஆபீசர்கூட இல்லாத சுதந்திரம்.

இன்ஜினீயர் வீட்டுக் கழித்தல்

படித்தவர்கள் இந்தப் பள்ளத்தில் விழமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூருக்கு 6,000 வெள்ளியில் போகும் இன்ஜினீயரின் சம்பளம், நம்ம பணத்துக்கு மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம். ஊரே வாய் பிளக்கும். தனியாகப் போய், ஒரு ரூமுக்கு 900 வெள்ளி கொடுத்து, சாப்பாடு, எம்ஆர்டி ரயில், போனுக்கு இன்னொரு 900 வைத்தால், வரியும் போக 4,000 வெள்ளி நிற்கும். ரெண்டு லட்சத்து அறுபதாயிரம்.

அதே ஆள், அதே சம்பளத்தில் மனைவியையும் ஆறு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறார். குடும்பத்தை அழைத்துவர அங்கே கேட்கும் குறைந்தபட்சச் சம்பளமும் இந்த 6,000தான். எச்டிபி என்கிற அரசு அடுக்குமாடியில் நாலறை வீட்டு வாடகை 3,000 வெள்ளியை ஒட்டி. மளிகை, காய்கறி, போக்குவரத்து 1,200. மின்சாரம், இன்டர்நெட் 250. பிள்ளைக்கு அரசு ஆரம்பப் பள்ளியில் இடம் கிடைத்தாலும், வெளிநாட்டுப் பிள்ளைக்கான கட்டணம் மாதம் தொள்ளாயிரம் வெள்ளியை ஒட்டி வரும். வரிக்கு ஒரு 200. எல்லாம் போக 450 வெள்ளி, 29,000 ரூபாய் சொச்சம்.

22 வெள்ளிக்காரர் ஓவர்டைம் செய்து ஊருக்கு அனுப்புவது 42,000. இன்ஜினீயர் அனுப்ப முடிவது 29,000. இன்ஜினீயரின் குடும்பம் அவரோடு இருக்கிறது, அதற்கு விலை போட முடியாது என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், சென்னையில் வாங்கிய ஃபிளாட்டுக்கு இஎம்ஐ கட்டத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புகிறவர், அந்த இஎம்ஐ 29,000க்குள் அடங்குமா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

இக்கரையிலும் விலை நிற்பதில்லை. 2005இல் வெள்ளி சுமார் 26 ரூபாய். அன்று 18 வெள்ளி நாள் சம்பளம் வாங்கியவர் என்றே வைத்துக்கொண்டாலும், அடிப்படைச் சம்பளம் மாதம் 12,000 ரூபாய்தான். ஆனால், பவுன் அப்போது ஐயாயிரத்தை ஒட்டி விற்றது. ஒரு மாதச் சம்பளத்தில் இரண்டு பவுனுக்கு மேல் வாங்கலாம். இன்றைய 572 வெள்ளி 37,000 ரூபாய். பவுனோ 2025இல் எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்த விலைக்கே ஒரு மாதச் சம்பளத்துக்கு அரைப் பவுன்தான். தங்கச்சி கல்யாணத்துக்காகப் போகிற அண்ணனுக்கு வெள்ளி ரேட்டைவிட இந்த ரேட்டுதான் முக்கியம். ரூபாய் விழுவதைப் பார்த்துச் சம்பளம் ஏறிவிட்டதாக நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, வெளிநாட்டில் பையன் இருக்கும் வீட்டுக்கு ஊர் வைக்கும் விலைப்பட்டியலே தனி. கோயில் திருவிழா வரி, மொய், கல்யாணத்துக்குச் சீர், எல்லாவற்றிலும் அந்த வீட்டுக்கு ஒரு படி கூட. பக்கத்து வீட்டுக்காரர் 500 எழுதும் மொய்க்கு இவர்கள் 2,000 எழுத வேண்டும். வீட்டுக்கு மாதம் 15,000 என்று போட்ட கணக்கு, ரெண்டாவது வருஷத்தில் 15,000 ஆகவே இருக்கும் என்று நான் நம்பவில்லை.

பேரம் எங்கே?

போகாதே என்று சொல்ல நான் யார்? போக வேண்டியவர்கள் போவார்கள், போய் நன்றாகவும் வருவார்கள். ஆனால், பாஸ்போர்ட்டைக் கொடுக்கும் முன் ஐபிஏ என்கிற அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். தொழிலாளிக்குப் புரியும் மொழியிலேயே, அவர் புறப்படும் முன் அதைக் கொடுக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் விதி. அதில் அடிப்படை மாதச் சம்பளம் ஒரு வரியிலும், படிகளும் பிடித்தங்களும் வேறு வரிகளிலும் இருக்கும். அங்கே எழுதிய சம்பளத்தை, தொழிலாளி எழுத்துமூலம் ஒப்புக்கொள்ளாமல் குறைக்க முடியாது. ஏஜென்ட் வாயால் சொன்ன “ஓவர்டைம் நிச்சயம்ப்பா” எந்த வரியிலும் இருக்காது. கணக்கை அடிப்படைச் சம்பளத்தை வைத்துப் போட்டு, அதில் வட்டியாவது அடைகிறதா என்று பார்க்க வேண்டும். பணம் அனுப்புவதில் இப்போது வழி சுலபம். 2023 பிப்ரவரியில் நம் யுபிஐயை அங்குள்ள பேநவ்வோடு இணைத்துவிட்டார்கள். உண்டியல்காரரைத் தேட வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது.

பேரம் பேசுகிறவர்கள் எல்லோரும் சம்பளத்தில்தான் பேசுகிறார்கள். 22 வெள்ளியை 24 ஆக்கிவிட்டால் பெரிய வெற்றி. அதையும் போட்டுப் பார்த்தேன். முழு ஓவர்டைமோடு மாதத்துக்கு ஐயாயிரம் ரூபாய் சொச்சம் கூடும். நாலு லட்சம் கடன் 18 மாதத்துக்குப் பதில் பதினாலரை மாதத்தில் அடையும். சம்பளம் அதே 22ஆக இருந்து, ஏஜென்ட்டுக்குக் கொடுத்தது நாலுக்குப் பதில் ரெண்டு லட்சம் என்றால், கடன் எட்டு மாதத்தில் அடைந்துவிடுகிறது. பத்து மாதம் முன்னாலேயே பணம் அவர் கைக்கு வரத் தொடங்குகிறது. ஆனால், ஏஜென்ட்டிடம் பேரம் பேச யாருக்கும் நாக்கு எழுவதில்லை. பல ஊர்களில் அவர் சித்தப்பா மகனாகவோ, மாமன் வழி உறவாகவோ இருக்கிறார். “அண்ணன் பார்த்துச் செய்ங்க” என்று சொல்லித்தான் பணத்தை எடுத்து நீட்டுகிறார்கள்.